பதினொரு நிலையங்களும் பச்சை

கரையோரத் தகவல் கழகத்தின் தலைமை அலுவலகம் செங்கல்பட்டில், கொளவாய் ஏரியைப் பார்த்தபடி இருந்தது. கடலைக் கவனிக்க வேண்டிய அலுவலகம் ஏரிக்கரையில் ஏன் இருக்கிறது என்று திறப்பு விழாவில் ஒரு நிருபர் கேட்டார். மேலாண்மை இயக்குநர் பட்டாபிராமன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடலை மிக நெருக்கத்தில் பார்ப்பவர்களுக்கு அலைதான் தெரியும், கடல் தெரியாது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நிருபரும் தட்டினார்.

பேரலை வந்து போன மறு வருடம் தொடங்கிய கழகம் அது. கோவளத்திலிருந்து தெற்கே கடப்பாக்கம் வரை கரையோரமாகப் பதினொரு நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் அறை, ஒரு கணினி, ஒரு தொலைபேசி, கடலைப் பார்த்த ஜன்னல், ஜன்னலருகே ஓர் ஆள். அந்த ஆள் கடலைப் பார்த்து, பார்த்ததைக் கணினியில் அடிக்க வேண்டும். அது அந்தக் கணமே செங்கல்பட்டுக்கு வந்துவிடும். வந்ததை என்ன செய்வது என்பதை ஒரு துணைக்குழு ஆராய்ந்துகொண்டிருந்தது.

2007ஆம் வருடம் அங்கே தற்காலிக வேலைக்குச் சேர்ந்தான் செங்கல்வராயன். நிலையங்களின் கணினிகள் இணைப்பில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவன் வேலை. ஊரப்பாக்கத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கியிருந்தான். அவனோடு இருந்த மூன்று நண்பர்களும் சிறுசேரி மென்பொருள் நிறுவனங்களில் வேலை கிடைத்து ஒவ்வொருவராக நாவலூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப் போன பாய்களை அவன் சுருட்டி வைக்கவில்லை. மூன்று பாய்களுக்கு நடுவே உட்கார்ந்து, வாடகை நூலகத்திலிருந்து எடுத்து வந்த மொழிபெயர்ப்பு நாவல்களைப் படிப்பான். அந்த நாவல்களில் எப்போதும் பனி பெய்துகொண்டிருக்கும். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தால்தான் அவனால் பனியைக் கற்பனை செய்ய முடிந்தது.

சேர்ந்த அன்று கண்காணிப்பாளர் கோபாலகிருஷ்ணனைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் மேசையில் ஒரு கோப்பு திறந்திருந்தது. கோப்பின் மேல் மூக்குக் கண்ணாடி. தலைக்கு மேலே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில்தான் எங்கோ போயிருக்கிறார் என்று நினைத்துக் காலை முழுவதும் மேசைக்கு முன்னால் நின்றான். ஒப்பந்தத்தில் வேலை செய்யும் டெக்னீஷியன் தேவசகாயம் மூன்றாவது முறை அந்த வழியாகப் போனபோது நின்றார். அவருக்கு சதுரங்கப்பட்டினம். தோளில் எப்போதும் ஒரு கேபிள் சுருள் இருக்கும்.

"இன்னா தம்பி, நட்டு வெச்ச கொடி மாதிரி நின்னுக்கினு கீற?"

"சாரைப் பாக்கணும். கண்ணாடி இருக்கு, வந்துடுவார்."

"கண்ணாடி இருந்தா சார் ஆபீஸ்ல கீறாருன்னு கணக்கு. சார் இருக்க மாட்டாரு. அவுரே வந்துட்டா கண்ணாடிய எடுத்து டிராயர்ல வெச்சிடுவாரு. அதுல பவரே கெடையாது, போட்டுப் பாரு. இதுக்குன்னே பஜார்ல வாங்கினது."

செங்கல்வராயன் சுற்றிலும் பார்த்தான். ஒரு நாற்காலியில் குடை. ஒன்றில் டிபன் கூடை. ஒன்றில் மடித்த துண்டு. அந்த அறையில் எல்லோரும் இருந்தார்கள்.

நிலையங்கள் இணைப்பில் இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு முன்னாலிருந்தவர் மாதத்துக்கு ஒருமுறை தபால் அனுப்பியிருக்கிறார். 'தங்கள் கணினி இயங்குகிறதா?' என்று அச்சடித்த அட்டை. 'ஆம்' என்று கையெழுத்துப் போட்டு அட்டை திரும்பி வரும். செங்கல்வராயன் இணையத்தில் தேடி ஒரு சின்னக் கருவியை எடுத்தான். திறந்த மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம். அது நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கணினியின் இணைய எண்ணையும் கூப்பிடும். பதில் வந்தால் திரையில் அந்த நிலையத்தின் பெயருக்கு எதிரே பச்சை. வராவிட்டால் சிவப்பு. வேறு ஒன்றும் அதற்குத் தெரியாது.

அதை எழுதியவர் வடக்கே எங்கோ குளிர்தேசத்துக்காரர். கருவியோடு ஒரு குறிப்பு வைத்திருந்தார். 'வேலை செய்யும் இடத்திலிருந்து, என் வீட்டுக் கணினி விழித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதை எழுதினேன். பதில் வருகிறதா என்று மட்டும் இது சொல்லும். பதில் சொல்வது யார் என்று இதற்குத் தெரியாது. உங்களுக்கும் பயன்பட்டால் மகிழ்ச்சி.' செங்கல்வராயன் அந்த மனிதரைப் பற்றி ரயிலில் நிறைய நேரம் யோசித்தான். மத்தியானமே இருட்டிவிடும் ஊர். மர வீடு. வீட்டில் யாரும் இல்லை, ஒரு கணினி மட்டும். அது விழித்திருக்கிறதா என்று ஒருவர் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கருவியை ஏற்றுக்கொள்வதில் கழகத்துக்குச் சிக்கல் இருந்தது. விலை இல்லாத பொருளை வாங்க விதி இல்லை. கடைசியில் அதை நன்கொடை என்று எடுத்துக்கொள்ள முடிவானது. நன்கொடையாளருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. பொன்னாடை வாங்கி, அவர் வரும்வரை பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் வைத்தார்கள்.

"திறந்த மென்பொருள்னா என்னப்பா, எல்லாரும் உள்ள பாக்கலாமா?" என்று கேட்டார் கோபாலகிருஷ்ணன்.

"ஆமா சார். அதுதான் அதோட சிறப்பு."

"அரசாங்கச் சொத்து இப்படித் திறந்து கிடக்கக் கூடாதே."

அதனால் கருவியை ஒரு குறுந்தகட்டில் பதிந்து, அதையும் பொன்னாடையோடு வைத்துப் பீரோவைப் பூட்டினார்கள். சாவி கோபாலகிருஷ்ணனின் இன்னொரு கண்ணாடிக் கூட்டில் இருந்தது.

கருவி ஓடத் தொடங்கிய முதல் நாள் பதினொன்றில் பத்து சிவப்பு. கோவளத்துக் கணினி, நிலைய அலுவலரின் வீட்டில் அவர் பையன் விளையாட்டு விளையாட உதவிக்கொண்டிருந்தது. செய்யூரில் கணினி பெட்டியிலிருந்து இன்னும் எடுக்கப்படவில்லை. மற்ற இடங்களில் ஆட்களே இல்லை, எல்லோரும் செங்கல்பட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தக் குடையும் டிபன் கூடையும் துண்டும் அவர்களுடையவைதான். ஒரே ஒரு வரி பச்சையாக இருந்தது. பனைமேட்டுக்குப்பம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி இருக்கும் சின்னக் குப்பம்.

அந்தப் பச்சையும் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சிவப்பாகும். அரை மணி கழித்துத் திரும்பப் பச்சையாகும். சாயங்காலம் சிவப்பு. மறுநாள் காலையில் பச்சை. இரண்டு வாரத்தில் செங்கல்வராயனுக்கு அது பழகிவிட்டது. மத்தியானம் அந்த வரி சிவப்பானதும் அவனும் டிபன் டப்பாவைத் திறந்தான். பச்சையானதும் கை கழுவினான். ஒருநாள் சிவப்பு கொஞ்சம் நீண்டுபோனபோது அவனுக்குச் சோறு இறங்கவில்லை. யார் அங்கே இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. நாள் முழுவதும் அவனுக்கு ஒரு மனிதரிடமிருந்து வந்த செய்தி அது ஒன்றுதான்.

பத்துச் சிவப்புகளைப் பார்த்துக் கோபாலகிருஷ்ணன் பதறவில்லை. இன்னும் சொல்லப்போனால், கருவியை அந்த அலுவலகத்தில் முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான்.

"பதில் சொல்றது யாருன்னு இதுக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கே?"

"ஆமா சார்."

"ஏதோ ஒண்ணு பதில் சொன்னா போதும்."

"அப்படித்தான் சார். ஆனா…"

"சரி, இது கண்ணாடி மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுத் தேவசகாயத்தைக் கூப்பிட்டார்.

ஒரே கணினிக்கு எத்தனை எண்கள் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தேவசகாயம் பழைய கணினி ஒன்றைத் தட்டுமுட்டு அறையில் ஸ்டூல் மேல் வைத்து, பத்து நிலையங்களின் எண்களையும் அதற்கே கொடுத்தார். கரண்ட் போனாலும் அணையாமல் இருக்க ஒரு பேட்டரி. மறுநாள் காலையில் கோவளம் முதல் கடப்பாக்கம் வரை பச்சையாக எரிந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை பத்து ஊர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கருவி. பத்து ஊர்களும் பக்கத்து அறையிலிருந்து பதில் சொல்லின. ஆயுத பூஜை அன்று அந்தக் கணினிக்குப் பத்துக் குங்குமப் பொட்டு வைத்தார்கள்.

பனைமேட்டை மட்டும் உள்ளே போட முடியவில்லை.

"அந்தப் பொண்ணு நம்பர வுட மாட்டேங்குது சார்" என்றார் தேவசகாயம். "சாராள்னு பேரு. மிஷின நான் யூஸ் பண்றேன், எடுக்காதீங்கன்னு சொல்லுது."

கோபாலகிருஷ்ணன் நிமிர்ந்தார். "யூஸ் பண்றாளா? எதுக்கு?"

"கடல பாத்து எழுதி அனுப்புதாம்."

"யாருக்கு?"

"நமக்குத்தான் சார்."

செய்திகள் வந்து விழும் பெட்டியைத் திறக்கும் கடவுச்சொல் முந்தைய கண்காணிப்பாளரிடம் இருந்தது. அவர் ஓய்வு பெற்று, மகனோடு வெளிநாடு போய்விட்டார். இரண்டு வருடமாக சாராள் அனுப்பிய காற்றும் அலையும் அதற்குள்ளேயே கிடந்தன.

அந்த மாதக் கூட்டத்தில் பட்டாபிராமன் திரையைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டச் சொன்னார். மத்தியானம். பத்துப் பச்சைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு.

"முன்பெல்லாம்" என்று தொடங்கினார், "ஒரு நிலையம் இயங்குகிறதா என்று நமக்குத் தெரிய வேண்டுமானால், அந்த நிலையம் இயங்க வேண்டியிருந்தது. அந்தச் சார்பிலிருந்து நாம் விடுபட்டிருக்கிறோம். இந்தப் பத்து நிலையங்களைப் பாருங்கள். உணவில்லை, உறக்கமில்லை, மின்வெட்டில்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனால் இதோ இந்த ஒன்று தினமும் மத்தியானம் எங்கே போகிறது?"

சாராளுக்கு விளக்கம் கேட்டு மெமோ போனது. 'தாங்கள் நாள்தோறும் சிவப்பாவது ஏன்?' அவள் பதில் எழுதினாள். 'சாப்பிடப் போகிறேன். உப்புக் காற்றில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தால் சூடாகிறது, அதனால் அணைத்து மூடி வைத்துவிட்டுப் போகிறேன்.' இரண்டாவது மெமோ போனது. 'ஏனைய பத்து நிலையங்களில் எவரும் உணவு உண்பதாகத் தெரியவில்லை. தங்களுக்கு மட்டும் பசிப்பது ஏன்?' மூன்றாவது மெமோ வந்தால் சாராளைப் போன்ற தற்காலிக ஊழியர்களை நிறுத்திவிடலாம் என்பது விதி. அதைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைத்துவிட்டார்கள்.

செங்கல்வராயன் அன்று அலுவலகத் தொலைபேசியை எடுத்துப் பனைமேட்டு எண்ணைச் சுற்றினான். உடனே எடுத்தாள்.

"பனைமேடு ஸ்டேஷன்."

"ஹெட் ஆபீஸ்லேர்ந்து செங்கல்வராயன் பேசறேன்."

"இன்னா சார், அடுத்த மெமோவா?"

"இல்ல. நான் அந்த ஸ்கிரீனைப் பாக்கறவன்."

"ஓ, அது நீங்கதானா." அவள் குரலுக்குப் பின்னால் கடல் கேட்டது. "இங்க நெட்டு லைன் பொட்டில ஒரு வெளக்கு கீது சார். நிமிசத்துக்கு ஒருவாட்டி மினுக்கும். இன்னான்னு தேவசகாயம் அண்ணன கேட்டேன். ஹெட் ஆபீஸ்ல ஒருத்தரு நீ கீறியா, நீ கீறியான்னு கேட்டுக்கினே கீறாருன்னாரு. ராவும் பகலும் கேக்கறாரே, அவுருக்கு வூடு வாசல் கெடையாதான்னேன்."

"அது நான் இல்ல. புரோகிராம்."

"தெரியும் சார், சும்மா சொன்னேன். மிஸ்டு கால் மாதிரிதான அது? நான் வேலைக்கு வந்து சேந்துட்டா எங்கக்காவுக்கு ஒரு ரிங்கு வுடுவேன். அவ எடுக்கக் கூடாது. எடுத்தா காசு பூடும். அடிச்சி நின்னா நான் கீறேன்னு அர்த்தம், அவ்ளோதான்."

இதை விளக்க மூன்று கூட்டங்களில் படம் போட்டுக் காட்டியிருந்தான் செங்கல்வராயன். அதிகாரிகளில் ஒருவர் அந்தப் படத்தை ஏரிக்கு எல்லை போடும் திட்டம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மூன்றாவது மெமோவைப் பற்றிச் சொன்னான்.

"சார், இந்த வேல எனக்கு வோணும்" என்றாள். "அலை வந்த அன்னிக்கிக் காத்தால எங்க அண்ணன் கரையில வலை பின்னிக்கினு இருந்தாரு. கடல் உள்ள போறத பாத்துட்டு, இன்னாடா இதுன்னு கிட்ட போயி நின்னாரு. ஓடுங்கடான்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. அதான் இந்த ஜன்னலாண்ட ஒக்காந்துக்கினு கீறேன்."

செங்கல்வராயன் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். அவள் எண்ணையும் தட்டுமுட்டு அறைக் கணினிக்கே கொடுத்துவிடுவது. அவள் கணினிக்கு வேறு எண். அவள் வேலையை அவள் பார்க்கலாம், மத்தியானம் அணைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

"அப்ப நான் ஆஃப் பண்ணா உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது. எப்பவும் பச்சையாத்தான் இருக்கும்."

"நான் செத்துப் பூட்டாலும்?"

அவன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"செரி சார், போட்டுக்கோங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் தேவசகாயம் பதினோராவது எண்ணையும் உள்ளே போட்டார். பதினொரு நிலையங்களும் பச்சை. மூன்றாவது மெமோ கிழிக்கப்பட்டது. அலுவலகத்தில் கேசரி கொடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் செங்கல்வராயன் டிபன் டப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தான். எதுவும் சிவப்பாகவில்லை. எப்போது சாப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் தொடர்ந்து எல்லாம் பச்சையாக இருந்ததைக் கழகம் ஆழமாக ஆராய்ந்தது. பத்து நிலையங்களில் ஆள் இல்லை, பச்சையாக இருக்கின்றன. ஒரு நிலையத்தில் ஆள் இருக்கிறார், அதுவும் பச்சையாகத்தான் இருக்கிறது. முன்பு அது சிவப்பானபோதெல்லாம் அங்கே ஆள் இருந்தார். ஆகவே சிவப்புக்குக் காரணம் ஆள். நிரந்தர ஊழியர்களைத் தேவையில்லாவிட்டாலும் நீக்க முடியாது. தற்காலிக ஊழியர்களைத் தேவைப்பட்டாலும் வைத்துக்கொள்ள முடியாது. பனைமேட்டுப் பணியிடம் ரத்தானது. அறையைப் பூட்டச் சொல்லி, மின்சாரத்தையும் துண்டித்தார்கள்.

சாராள் சாவியை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்தாள். அன்று மாதக் கூட்டம். மெலிந்த உடம்பு, வெயிலில் வெளுத்த தலைமுடி, தோளில் ஒரு துணிப்பை. கதவருகே நின்றவளைச் செங்கல்வராயன் யாரென்று தெரியாமல்தான் பார்த்தான். அவள் பேசியதும் தெரிந்துவிட்டது.

"பனைமேடு ஸ்டேஷன் சாராள் சார். சாவிய ஒப்படைக்க வந்தேன்."

கோபாலகிருஷ்ணன் சுவரில் இருந்த திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "பனைமேடு பச்சையா இருக்கேம்மா."

"பூட்டிட்டு வந்துட்டேன் சார். கரண்ட்டும் கட் பண்ணிட்டாங்க."

"பூட்டியிருந்தா பச்சையா எப்படி இருக்கும்? பச்சையா இருந்தா நீ எப்படி இங்க இருப்பே?"

"நான் இங்கதான சார் நின்னுக்கினு கீறேன்."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கோபாலகிருஷ்ணன். கிண்டலாக இல்லை, உண்மையான கவலையோடு. "சாவியை வாங்கிக்கணும்னா நிலையம் பூட்டியிருக்கணும். பதிவுல அது இப்ப இயங்கிட்டிருக்கு. இயங்கற நிலையத்தோட சாவியை நான் வாங்கினா, நாளைக்கு ஆடிட்ல நான் பதில் சொல்லணும்."

பட்டாபிராமன் கை காட்டி அவரை நிறுத்தினார். "அம்மா, உங்கள் நிலையத்தை நாங்கள் மூடவில்லை. ஆளை மட்டும்தான் எடுத்திருக்கிறோம். நிலையம் முன்னைவிட நன்றாக இயங்குகிறது."

"அப்ப கடல யாரு சார் பாக்கறது?"

"நிலையம் பார்க்கும்."

செங்கல்வராயன் எழுந்து நின்றான். அந்த அறையில் அவன் அதுவரை எழுந்து நின்று பேசியதில்லை. "சார், அது நிலையம் இல்ல. பக்கத்து ரூம்ல ஸ்டூல் மேல இருக்கற கம்ப்யூட்டர். எல்லாமே அதுதான். அவங்க நம்பரை நான்தான் போடச் சொன்னேன். அவங்களை எடுக்கக் கூடாதுன்னுதான் சார் போட்டேன்."

யாரும் அதிர்ச்சி அடையவில்லை. டிபன் கூடைக்காரர் கொட்டாவி விட்டார்.

"தம்பி" என்றார் பட்டாபிராமன் கனிவாக, "இந்தக் கட்டடத்தில் எந்த ஸ்டூலில் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? கோபாலகிருஷ்ணன் தன் இருக்கையில் இருக்கிறார் என்று வந்த நாளிலிருந்து நான் நம்புகிறேன். நான் என் அறையில் இருக்கிறேன் என்று அவர் நம்புகிறார். நாங்கள் இருவரும் இருக்கிறோம் என்று அரசு நம்புகிறது. கழகம் இருக்கிறது என்று கரையோரத்து மக்கள் நம்பி நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இதில் யாராவது ஒருவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தால் என்ன ஆகும்? தயவுசெய்து உட்காருங்கள்."

உட்கார்ந்தான்.

சாராள் போகும்போது சாவியை அவன் மேசைமேல் வைத்தாள். அவன் பஸ் நிலையம் வரை கூடப் போனான்.

"பெரிய நல்லது பண்ணிட்டீங்க சார்" என்றாள். அவன் முகத்தைப் பார்த்ததும், "அட, தமாசு சார். நானுந்தான போட்டுக்கோன்னேன்" என்றாள்.

"இனிமே என்ன பண்ணுவீங்க?"

"நாவலூர்ல எங்கக்கா ஒரு கம்பெனில கூட்டிப் பெருக்குது. அங்க வாசல்ல ஒக்காந்து, வர்றவங்க பேர எழுத ஆள் வோணுமாம்."

"ஜன்னல் இருக்குமா?"

"கண்ணாடி சார் எல்லாம். தொறக்காது."

மாமல்லபுரம் பஸ் வந்தது. கூட்டத்தோடு ஏறி, அவனுக்கு முகம் தெரியாத பக்கம் போய் நின்றுவிட்டாள்.

அந்த வாரமே செங்கல்வராயன் தட்டுமுட்டு அறைக்குப் போய், பனைமேட்டின் எண்ணை மட்டும் அந்தக் கணினியிலிருந்து எடுத்துவிட்டான். பத்துப் பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பு எரிந்தது. அது அணைய வேண்டுமானால் அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும், அந்த ஆள் சாராளாகத்தான் இருக்க முடியும் என்று அவன் நினைத்தான்.

கழகம் கலங்கிப்போனது. அடுத்த வாரம் துறைச் செயலர் பார்வையிட வருவதாக இருந்தது. முதலில் அந்த வரியை மறைத்து ஒரு பூந்தொட்டியை வைத்துப் பார்த்தார்கள். பிறகு தேவசகாயத்தைக் கூப்பிட்டு, அதையும் பழையபடி உள்ளே போடச் சொன்னார்கள். தேவசகாயம் செங்கல்வராயனை ஒருமுறை பார்த்தார். கேபிள் சுருளைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"முடியாது சார். மிஷின் தாங்காது. பத்துக்கு மேல போட்டா அதுக்குத் தலை சுத்துது. பனைமேட்டுக்கு ஆள் போயி ஆன் பண்ணாத்தான் உண்டு. அந்தப் பொண்ணையே கூப்ட்டுக்குங்க, வேல தெரிஞ்ச பொண்ணு."

மூன்று மாதமாக அதே கணினி பதினொன்றையும் தாங்கியது யாருக்கும் நினைவு வரவில்லை. மின்சாரம் அன்றே திரும்பக் கொடுக்கப்பட்டது. ஆளைப் பற்றி இரண்டு நாள் கூட்டம் நடந்தது. சாராளை மறுபடி நியமிக்க வேண்டுமானால் அந்த இடம் காலியாக இருந்திருக்க வேண்டும். பதிவின்படி நிலையம் ஒரு நிமிடம்கூடக் காலியாக இருந்ததில்லை, அவள் போன பிறகும் பச்சையாகத்தான் இருந்தது. காலியாகாத இடத்துக்கு ஆள் எடுக்க முடியாது. ரத்தான இடத்துக்கும் ஆள் எடுக்க முடியாது. ஆனால் பொறுப்பு கொடுக்கலாம். தலைமை அலுவலகத்தில் தேவையில்லாமல் இருக்கும் ஒருவருக்கு. செங்கல்வராயனின் பெயரை யார் முதலில் சொன்னார்கள் என்று கூட்டக் குறிப்பில் இல்லை.

"அப்ப இங்க ஸ்கிரீனை யார் சார் பாக்கறது?" என்று கேட்டான்.

"அதான் ஸ்கிரீன் இருக்கே" என்றார் கோபாலகிருஷ்ணன். பிறகு டிராயரைத் திறந்து, பவர் இல்லாத கண்ணாடியை எடுத்து அவன் மேசைமேல் வைத்தார். உண்மையிலேயே அன்போடுதான் வைத்தார். "நீ எங்கயும் போகலைப்பா. இங்கதான் இருக்கே." கண்ணாடி மட்டும் போதாது, புதுப் பையன் என்பதால் சந்தேகம் வரலாம் என்று டிபன் கூடைக்காரர் சொன்னார். பீரோவைத் திறந்து, பனிதேசத்துக்காரருக்காக வைத்திருந்த பொன்னாடையை எடுத்து அவன் நாற்காலியில் போர்த்தினார்கள்.

பனைமேட்டு அறைக் கதவைத் திறந்தபோது உப்பு வாடை வந்தது. ஜன்னல், அதற்கு வெளியே கடல். கணினிமேல் பழைய பூப்போட்ட புடவையிலிருந்து வெட்டித் தைத்த உறை, ஓரங்கள் சீராக மடித்து அடித்தவை. சுவரில் எதுவும் இல்லை. கணினிக்கு அதன் பழைய எண்ணைக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் லைன் பெட்டியில் அந்தச் சின்ன விளக்கு மினுக்கியது. செங்கல்பட்டில் யாரும் இல்லாத நாற்காலிக்கு முன்னால் அவனுடைய கருவி ஓடிக்கொண்டிருந்தது. செயலர் வந்தார், பதினொரு பச்சைகளைப் பார்த்தார், பொன்னாடை போர்த்திய நாற்காலியைப் பார்த்து, தலைமை அலுவலகத்தின் கடமையுணர்வைப் பாராட்டிவிட்டுப் போனார் என்று தேவசகாயம் போனில் சொன்னார்.

"சாராள்ட்ட சொன்னேன் தம்பி, நீ அங்க கீறன்னு."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சிது. ஜன்னல மூடாதன்னு சொல்லச் சொல்லிச்சி."

அவன் கடலைப் பார்த்தான். பார்த்ததை அடித்து அனுப்பினான். காற்று தெற்கிலிருந்து. வலைகள் காய்கின்றன. கடல் இருக்கும் இடத்தில் இருக்கிறது. அது போய் விழும் பெட்டியை யாரும் திறக்க மாட்டார்கள் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. இருந்தாலும் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தான். குப்பத்துக்காரர்கள் முதலில் அவனை வெயிலுக்கு ஒதுங்கிய ஆள் என்று நினைத்தார்கள். ஒரு கிழவர் மட்டும் தினமும் ஜன்னல் வழியாக, "இன்னாப்பா, கடல் கீதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். "கீது" என்பான்.

மத்தியானம் கணினியை அணைத்து, பூப்போட்ட உறையைப் போட்டுவிட்டு டிபன் டப்பாவைத் திறப்பான். செங்கல்பட்டில் இப்போது ஒரு வரி சிவப்பாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வான். பவர் இல்லாத கண்ணாடி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். லைன் பெட்டியின் விளக்கு மட்டும் தன் பாட்டுக்கு மினுக்கும், அணைத்து வைத்த கணினியை நீ இருக்கிறாயா என்று கேட்டபடி.

மழைக்கால ஆரம்பத்தில் ஒருநாள் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அது அடித்து அவன் அதிகம் கேட்டதில்லை. எச்சில் கையோடு எழுந்து இடது கையை நீட்டினான். எடுத்தால் காசு போய்விடும் என்று யாரோ சொன்னது நினைவு வந்து, பாதி தூரத்தில் கை நின்றது. ஒரே ஒரு தடவை அடித்து மணியும் நின்றது.

பழைய தொலைபேசி அது. கூப்பிட்டது யார் என்று அதற்குத் தெரியாது. அவன் கையை இழுத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்து, சோற்றைச் சாப்பிட்டு முடித்தான். கை கழுவினான். உறையை மடித்து வைத்துவிட்டுக் கணினியைப் போட்டான்.

மறுநாளும் அதே நேரத்துக்கு மணி ஒருமுறை அடித்தது. அவன் எடுக்கவில்லை.